ஆப்பிள் விழுந்த மைதானம்: மெய்ஜி ஜிங்கு நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மெய்ஜி ஜிங்கு ஆலய நிர்வாகத்தினருக்கும், வெளித்தோட்ட மறுசீரமைப்பை நடத்தும் மிட்சுய் ஃபுடோசன் உள்ளிட்ட நிறுவனத்தாருக்கும், அனுமதி வழங்கிய டோக்கியோ பெருநகர அரசுக்கும்,

வணக்கம்.

நான் எடோகவா வட்டாரத்தில் குடியிருக்கும் தமிழன். உங்கள் மைதானத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கல்லூரி பேஸ்பால் பார்ப்பவன் என்பதைத் தவிர இந்த விவகாரத்தில் எனக்கு வேறு பாத்தியதை கிடையாது. எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி கடைக்கும் வட்டார அலுவலகத்துக்கும் போய்வரத்தான் காணும். கோபமும் பிரியமும் கலந்த விஷயத்தை அதில் எழுதப் புகுந்தால் மழலையாகத்தான் வரும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். நண்பர் ஒருவர் உங்கள் மொழியில் ஆக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தமிழர்கள் படிக்கட்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டோக்கியோவின் நடுவே மெய்ஜி ஜிங்கு என்ற ஷிண்டோ ஆலயம் இருக்கிறது. அதன் வெளித்தோட்டத்தில் ஆலயத்துக்கே சொந்தமாக ஒரு பேஸ்பால் மைதானம். கோயிலுக்கு நஞ்சை புஞ்சை இருக்கும், கடை வாடகை வரும், மாந்தோப்பு குத்தகைக்குப் போகும். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். கோயிலுக்கு மைதானம் இருப்பதை நான் இங்கே வந்துதான் கண்டேன். பக்கத்தில் ரக்பி மைதானம் இருக்கும் இடத்தில் ஹோட்டலோடு ஒட்டிய புதிய பேஸ்பால் மைதானம் எழுப்பிவிட்டு, 1926 அக்டோபரில் திறக்கப்பட்ட பழைய மைதானத்தை இடிப்பது திட்டம். ரக்பிக்கு வேறு இடம். கூடவே 185, 190 மீட்டர் உயரத்துக்கு இரண்டு அடுக்குமாடிக் கட்டிடங்கள். 2023 பிப்ரவரியில் பெருநகர அரசு அனுமதி கொடுத்தது. 2024 அக்டோபர் கடைசியில் மரங்களை வெட்டத் தொடங்கினார்கள்.

இசையமைப்பாளர் ரியுயிச்சி சகமோட்டோ 2023 மார்ச்சில், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில், டோக்கியோ ஆளுநர் கொய்கேவுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். அந்த மாதம் முடிவதற்குள் இறந்தும் போனார். அவர் எழுதியது மரங்களுக்காக. மரங்களுக்காக அவருக்கு மேல் நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? நான் எழுத வந்தது பகல் நேரத்து மாணவர்களுக்காக.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சனி, ஞாயிறுகளில் ஜிங்குவில் ஆறு பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன: வாசெடா, கெய்யோ, மெய்ஜி, ஹோசெய், ரிக்கியோ, டோக்கியோ. 1925இல் தொடங்கிய லீக். ஒவ்வோர் எதிரணியையும் இரண்டு முறை வென்றால்தான் ஒரு புள்ளி. ஆளுக்கு ஒன்று வென்றால் திங்கட்கிழமை மூன்றாவது ஆட்டம். அன்று வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நடுத்தர வயதுக்காரர்களின் முகத்தில் பள்ளிக்கூடத்தைக் கட் அடித்த பையனின் களை தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.

இதே மைதானம்தான் யாகுல்ட் ஸ்வாலோஸ் என்ற தொழில்முறை அணிக்கும் வீடு. சில நாட்களில் பகலில் கல்லூரி ஆட்டம், இரவில் அவர்கள் ஆட்டம். அப்போது யாருக்கு முதலிடம் என்று நினைக்கிறீர்கள்? மாணவர்களுக்கு. உள்ளே கல்லூரிப் பையன்கள் ஆடிக்கொண்டிருக்க, சம்பளம் வாங்கும் வீரர்கள் வெளியே பயிற்சித் திடலில் பந்து எறிந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தங்கள் முறை வரக் காத்திருப்பார்கள். பணம் இருப்பவனைக் காசில்லாதவன் காக்க வைக்கும் காட்சியை இந்த ஊரில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இதை ஒரு சலுகை என்றோ பழைய வழக்கம் என்றோ உங்கள் கோப்புகளில் எழுதியிருக்கலாம். என்னைக் கேட்டால் மைதானத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதல் முறை நான் ஆட்டம் பார்க்கப் போகவில்லை. ஜின்கோ மரங்கள் நான்கு வரிசையில் நிற்கும் அந்தச் சாலையில் நடக்கப் போனேன். டமாரச் சத்தம் கேட்டது. திருவிழா என்று நினைத்து வளைவு வளைவாக இருக்கும் அந்த வெளிச்சுவரைச் சுற்றிக்கொண்டு போய் டிக்கெட் எடுத்துவிட்டேன். உள்ளே போனால், முதல் பேஸ் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் பித்தளை வாத்தியக் குழு, எதிரே மூன்றாம் பேஸ் பக்கம் இன்னொன்று. (பந்தை அடித்தவன் வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு பேஸ் என்று பெயர். ஒன்றும் மூன்றும் எதிரெதிர் பக்கம்.) தன் அணி பேட் பிடிக்கும்போது மட்டும் வாசிப்பார்கள். எதிரணியின் முறை வந்ததும் இந்தப் பக்கம் கருவிகள் மடிக்கு இறங்கிவிடும், அந்தப் பக்கம் எழும். ஊர்த் திருவிழாவில் இரண்டு மேளம் வைத்தால் ஒரு செட் வாசித்து நிறுத்த மற்றது எடுக்குமே, அதே மரியாதை, அதே போட்டி. கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புச் சீருடையில் ஒரு பையன் மேடையில் நின்று, முதுகு வில்லாக வளைய, கையை வீசி, தொண்டை கிழிய “ஃபுரே! ஃபுரே!” என்று கத்தினான். பிறகு அவன் கூவியது எதிரணியின் பெயரை. எதிரே இருந்தவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். அது முடிந்ததும் அந்தப் பக்கத்துத் தலைவன் இவர்கள் பெயரைச் சொல்லி வாழ்த்தினான். மே மாத வெயில். பையனின் சீருடைக் காலரில் வியர்வை காய்ந்து உப்புக்கோடு விழுந்திருந்தது. எட்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிந்தது. இந்த எட்டு வரிசையை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

அன்று பக்கத்து இருக்கையில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர். ரிக்கியோவில் படித்தவர். மடியில் ஸ்கோர் நோட்டு, காதில் பென்சில். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கேட்காமலே நோட்டை என் பக்கம் சாய்த்துச் சொல்லிக் கொடுத்தார். ஜப்பானில் ஸ்கோர் எழுதுவதிலேயே வாசெடா முறை, கெய்யோ முறை என்று இரண்டு உண்டு. தொழில்முறை ஆட்டங்களின் அதிகாரபூர்வப் பதிவு கெய்யோ முறையில். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் பெரும்பாலும் வாசெடா முறை. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடிய மண்ணிலிருந்து வந்தவனுக்கு இது புரியாமல் போகுமா? உடனே புரிந்தது. ஆட்டம் புரியத்தான் இரண்டு ஆண்டு ஆயிற்று.

வாசெடாவும் கெய்யோவும் மோதும் ஆட்டத்துக்கு சோகெய்சென் என்று பெயர். கெய்யோக்காரர்கள் தங்கள் பெயரை முன்னே போட்டு கெய்சோசென் என்பார்கள். பருவத்தின் கடைசி வாரம் இவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. இந்தப் போட்டி பிறந்தது ஒரு கடிதத்தில். 1903 நவம்பர் 5 தேதியிட்டு வாசெடா அணி கெய்யோவுக்கு எழுதியது: நீங்கள் மூத்தவர்கள், நாங்கள் புதியவர்கள், எங்களுக்குக் கற்றுத் தர வேண்டும் என்ற தோரணையில். சவால்தான், ஆனால் கைகூப்பிக்கொண்டு வந்த சவால். நவம்பர் 21 அன்று கெய்யோ இருக்கும் மிதாவில் ஆட்டம் நடந்தது. கெய்யோ 11, வாசெடா 9. மூன்றாண்டில் இரு தரப்பு ஆதரவாளர்களின் வெறியும் எல்லை மீறியது. 1906இல் ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற நிலையில், அடிதடி ஆகிவிடும் என்ற பயத்தில் மூன்றாவது ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். மறுபடி இருவரும் மோத 1925 ஆயிற்று. பத்தொன்பது ஆண்டு பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளிகள்!

அடுத்த ஆண்டே உங்கள் மைதானம் வந்தது. அன்றைக்குத் தொழில்முறை லீக் கிடையாது, அது 1936இல்தான். ஜப்பானில் பேஸ்பால் என்றால் கல்லூரி பேஸ்பால், கல்லூரி பேஸ்பால் என்றால் ஜிங்கு. கூட்டம் தாங்காமல் 1931இல் இருக்கைகளைப் பெருக்க வேண்டியிருந்தது.

இனி ஆப்பிள் கதை. 1933 அக்டோபர் 22. சோகெய்சென். கெய்யோவின் மூன்றாம் பேஸ் காவலர் மிசுஹாரா ஷிகெரு. அன்று மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளில் இருந்தது வாசெடா கூட்டம். அதாவது மனிதர் எதிராளிகளின் காலடியில் நிற்கிறார். நடுவரின் தீர்ப்பு ஒன்றில் தொடங்கிய புகைச்சல் முற்றி, மேலேயிருந்து பொருட்கள் வந்து விழத் தொடங்கின. கடித்து மிச்சம் வைத்த ஆப்பிள் ஒன்றும் வந்தது. மிசுஹாரா அதை எடுத்து வந்த திசையிலேயே வீசினார். கடைசியில் கெய்யோ 9–8 என்று வென்றது. வாசெடா ஆதரவாளர்கள் மைதானத்துக்குள் குதித்தார்கள். அந்தக் களேபரத்தில் கெய்யோவின் ஆதரவுக் குழுத் தலைவருடைய கைக்கோலும் பறிபோனது. இதற்குப் பிறகுதான் வாசெடா எப்போதும் முதல் பேஸ் பக்கம், கெய்யோ எப்போதும் மூன்றாம் பேஸ் பக்கம் என்று முடிவாயிற்று. இன்றும் அப்படித்தான். முதல் பேஸ் பக்கம் மெரூன் நிறக் கொடிகளோடு ஏறும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, தான் இந்தப் பக்கம் ஏறுவது ஒரு கடித்த ஆப்பிளால் என்று தெரிந்திருக்காது. அவளுடைய பாட்டியின் தாயாரும் அதே பக்கம் ஏறியிருக்கலாம்.

உங்கள் மைதானத்துக்கு வெளியே நடந்த ஓர் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். 1943இல் அரசு லீக்கைக் கலைத்துவிட்டது. மாணவர்களுக்குப் போர்முனைக்கு ஓலை வந்துவிட்டது. போகுமுன் ஒரே ஒரு சோகெய்சென் ஆடிவிட்டுப் போகிறோம் என்றார்கள். அக்டோபர் 16 அன்று வாசெடாவின் சொந்தத் திடலான தோட்சுகாவில் ஆடினார்கள். கெய்யோ பல்கலைக்கழகத் தலைவர் கொய்சுமி ஷின்சோ சிறப்பு விருந்தினர் இருக்கையை விட்டுவிட்டு மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். வாசெடா 10–1 என்று வென்றது. முடிந்ததும் இவர்கள் அவர்களுடைய கல்லூரிப் பாட்டையும் அவர்கள் இவர்களுடையதையும் பாடினார்கள். ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, உங்கள் வெளித்தோட்டத்தின் தடகள அரங்கில், கொட்டும் மழையில், மாணவர்களைப் போருக்கு வழியனுப்பும் அணிவகுப்பு நடந்தது.

தோட்சுகா திடல் இப்போது இல்லை. அங்கே வாசெடாவின் மத்திய நூலகம் நிற்கிறது. நூலகத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது, நல்ல நூலகம். ஒரு நாள் தேடிக்கொண்டு போனேன். பேஸ்பாலை அங்கே வளர்த்த அபே இசோவுக்கும் தொபிடா சுய்ஷுவுக்கும் சிலைகள் இருக்கின்றன. மாணவர்கள் தாண்டிப் போகிறார்கள். சிலை வைத்திருப்பதால் ஆட்கள் யாரென்று தெரிகிறது. எந்தப் பக்கம் யார் உட்கார்ந்து யார் பாட்டைப் பாடினார்கள் என்பது அந்த இடத்தில் நின்றால் தெரிவதில்லை.

ஜிங்குவும் போரில் தப்பவில்லை. 1945 மே மாத விமானத் தாக்குதலில் எரிந்தது. பிறகு அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டு வேறு பெயர் வைத்து 1952 வரை வைத்திருந்தது. ஆனால் போர் முடிந்த அதே 1945இல், நவம்பர் 18 அன்று, பழைய மாணவர்கள் அனுமதி வாங்கி இங்கேயே ஒரு சோகெய்சென் ஆடினார்கள். ஊரே சாம்பலாகக் கிடந்த காலம். சோற்றுக்கு வழியில்லாதபோது பேஸ்பாலா என்று என் அம்மா கேட்பார். எனக்கும் பதில் தெரியாது. ஆனால் கூட்டம் வந்தது.

1957இல் ரிக்கியோவின் நகாஷிமா ஷிகெயோ தன் எட்டாவது ஹோம் ரன்னை இங்கே அடித்து அன்றைய லீக் சாதனையைப் படைத்தார். நாடே கொண்டாடிய அந்த மனிதர் 2025 ஜூனில் மறைந்தபோது என் பெரியவர் ஒரு வாரம் மைதானத்துக்கு வரவில்லை. 1960 இலையுதிர் பருவத்தில் வாசெடாவும் கெய்யோவும் ஆறு ஆட்டம் ஆடினார்கள். முதல் மூன்று ஆட்டத்தில் வாசெடா இரண்டை வென்றதும் இருவரும் முதலிடத்தில் சமம். தீர்வுக்கான ஆட்டம் பதினொரு இன்னிங்ஸில் 1–1, இருட்டிவிட்டது. மறுபடி பதினொரு இன்னிங்ஸ், 0–0, மறுபடி இருட்டிவிட்டது. கடைசியில் வாசெடா 3–1. மைதானத்துக்கு விளக்கு வந்தது 1962இல்தான். வாசெடாவின் பிட்சர், அதாவது பந்து எறிபவர், ஆண்டோ மோட்டோஹிரோ அந்த ஆறில் ஐந்து ஆட்டங்களை முழுதாக வீசினார். கையா, கருங்கல்லா என்று கேட்கத் தோன்றும்.

எனக்குப் பிடித்த அணி இவர்கள் யாருமில்லை. டோக்கியோ பல்கலைக்கழகம். 1872 வாக்கில் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் இந்த ஆட்டத்தை ஜப்பானியப் பையன்களுக்குக் கற்றுக் கொடுத்த பள்ளிதான் பின்னால் அந்தப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆட்டம் முதலில் வந்து இறங்கிய வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் லீக்கில் ஒரு முறைகூடப் பட்டம் வென்றதில்லை. 1946 வசந்தத்தில் இரண்டாம் இடம் பிடித்ததே உச்சம். படிப்புக்காக உயிரை விட்டு நுழைவுத் தேர்வு எழுதி வந்த பிள்ளைகள். விளையாட்டு ஒதுக்கீடு கிடையாது. தொடர்ந்து 94 ஆட்டங்கள் தோற்றார்கள். 2015 மே 23 அன்று ஹோசெய் அணியைப் பத்து இன்னிங்ஸில் 6–4 என்று வென்றார்கள். தொண்ணூற்று நாலு முறையும் அவர்களுடைய வாத்தியக் குழு வாசித்தது, கறுப்புச் சீருடைப் பையன் எதிரணியை வாழ்த்தினான். இந்தச் செய்தியைக் கேட்ட அன்றே நான் கட்சி மாறிவிட்டேன்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். உங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் காணிக்கையாக வந்த ஒரு லட்சம் மரங்களால் ஆன உள்தோட்டத்துக் காட்டைப் பராமரிக்க வெளித்தோட்ட வருமானம்தான் கைகொடுக்கிறது என்கிறீர்கள். நூறாண்டுக் கட்டிடத்தின் படிகளும் நடைபாதைகளும் அந்தக் காலத்து அளவு. சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கஷ்டம். ஆட்டம் ஒரு பருவம்கூட நின்றுவிடக் கூடாது என்பதால் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு மற்றதை இடிக்கும் வரிசையை வகுத்திருக்கிறீர்கள். மாணவர்களுக்காக அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பள்ளி பேஸ்பால் போட்டிகள் நடக்கும் கோஷியென் மைதானம்? 1924இல் கட்டியது, ஜிங்குவுக்கு இரண்டு வயது மூத்தது. 2007 இலையுதிர் காலத்திலிருந்து 2010 வசந்தம் வரை, ஆட்டம் இல்லாத மாதங்களில் மட்டும் வேலை பார்த்து, இருந்த இடத்திலேயே புதுப்பித்துவிட்டார்கள். பள்ளிப் போட்டி ஒன்றும் நிற்கவில்லை. வெளிச்சுவரில் படர்ந்திருந்த கொடியைக்கூட முன்கூட்டியே நாடெங்கும் பள்ளிகளுக்குக் கன்றாகக் கொடுத்து வளர்க்கச் சொல்லி, பிறகு திரும்ப வாங்கி நட்டார்கள். கொடிக்கு இவ்வளவு யோசித்தவர்கள் இருக்கும் நாட்டில், ஜிங்குவை இடித்தால்தான் ஆகும் என்பதை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை. ரக்பி மைதான வேலைதான் முதலில். பேஸ்பால் மைதானத்தின் முறை வர இன்னும் நாள் இருக்கிறது. அந்த இடைவெளியில் கோஷியென் வழியை மறுபடி ஒரு முறை மேசையில் எடுத்து வையுங்கள். அது ஆகாது என்றால், எந்தத் தூண் எந்தப் படி ஆகாது என்பதை, என்னைப் போல் டிக்கெட் வாங்குகிறவனுக்கும் விளங்கும்படி சொல்லுங்கள்.

இடித்தே தீருவது என்றால், புதிய வரைபடத்தில் நான் தேடுவது ஹோட்டலை அல்ல. பகலில் மாணவர்களுக்கு முதலிடம் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பெருந்தன்மையை நம்பி விட்டால், வாடகை அதிகம் தருகிற யாராவது ஒரு சனிக்கிழமை வந்து நிற்பார். முதல் பேஸ் பக்கமும் மூன்றாம் பேஸ் பக்கமும் மாணவர் கூட்டங்கள் நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி, ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழுகிற தூரத்தில் இருக்கின்றனவா? அல்லது அந்த இடத்தில் கண்ணாடி அறைகள் வந்துவிட்டனவா? கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆப்பிளும் எறிய முடியாது, எதிரணியின் பெயரும் காதில் விழாது. எட்டு வரிசை தள்ளி உட்கார்ந்தவனுக்குக் காலரின் உப்புக்கோடு தெரிய வேண்டும். அந்த வரிசையின் டிக்கெட் விலை, படிக்கிற பையனும் ஓய்வூதியம் வாங்குகிற பெரியவரும் இரண்டு நாளும் வரக்கூடியதாக இருக்க வேண்டும். வெளிச்சுவரின் வளைவுகளில் சிலவற்றையாவது புதிய சுவரில் சேருங்கள். சேர்த்தால் அவற்றின் கீழே ஆள் நடக்கட்டும். கயிறு கட்டிப் பலகை வைத்துவிடாதீர்கள்.

என் பெரியவருக்கு இந்த மடலின் சுருக்கத்தைச் சொன்னேன். இரண்டு திருத்தம் சொன்னார். ரிக்கியோவைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறாயே என்பது ஒன்று. மற்றது, 1903 கடிதத்துக்கு கெய்யோ பதில் எழுதி, நாள் குறித்து, ஆட்டமும் ஆடி முடிக்கப் பதினாறே நாள்தான் ஆயிற்று என்பதை நீங்கள் கவனிக்கும்படி எழுத வேண்டும் என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
முதல் பேஸ் பக்கம், பொது இருக்கையில் உட்காரும் ஒரு தமிழன்